பாண்ட் மாறட்டும், கியூ நிலைக்கட்டும்: அமேசான் எம்ஜிஎம் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

அமேசான் எம்ஜிஎம் ஸ்டூடியோஸ் நிர்வாகத்தினருக்கும், தயாரிப்பாளர்கள் ஏமி பாஸ்கல், டேவிட் ஹேமன் ஆகியோருக்கும், இயக்குநர் டெனி வில்நெவ் அவர்களுக்கும்,

வணக்கம்.

2025 பிப்ரவரியில் ஜேம்ஸ் பாண்ட் படங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் அதிகாரம், அதுவரை அவற்றைத் தயாரித்துவந்த ப்ரோக்கலி குடும்பத்திடமிருந்து உங்கள் கைக்கு வந்தது. அன்று முதல் எங்கு பார்த்தாலும் ஒரே பேச்சு: அடுத்த பாண்ட் யார்? தமிழில் சினிமா பேசுகிற இடங்களிலும் இதுதான் ஓடுகிறது. நான் கேட்க வந்தது வேறு. பாண்டுக்கு ரகசியக் கருவிகள் செய்து கொடுக்கும் நிபுணர் இருக்கிறாரே, அந்தக் கியூவாக அடுத்து வரப்போவது யார்? அவரை எத்தனை படங்களுக்கு வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?

ஒரு படத்தில் சில நிமிடங்கள் வந்து போகும் வேடம்தான். ஆனால் அந்தச் சில நிமிடங்களை 36 ஆண்டுகள் ஒரே மனிதர் சுமந்தார். டெஸ்மண்ட் லுவெலின், வேல்ஸ்காரர். 1963 முதல் 1999 வரை 17 பாண்ட் படங்கள். கானரி, லேசன்பி, மூர், டால்டன், பிராஸ்னன் என்று ஐந்து பாண்டுகளோடும் நடித்தவர். பாண்டாக நடித்தவர்கள் உட்பட வேறு எந்த நடிகரும் இத்தனை பாண்ட் படங்களில் வந்ததில்லை. கியூ வேடத்துக்கு ஆள் எடுக்கும் முன் இவருடைய திரை வாழ்க்கையை நீங்கள் ஒருமுறை முழுதாகப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன். உங்களுக்கு வேண்டிய பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

1914 செப்டம்பரில் தெற்கு வேல்ஸின் நியூபோர்ட்டில் பிறந்தவர். அப்பா நிலக்கரிச் சுரங்கப் பொறியாளர். பாதிரியார் ஆகலாம், கணக்காளர் ஆகலாம் என்றெல்லாம் யோசனைகள் ஓடி, கடைசியில் லண்டனின் ராடா நாடகப் பள்ளியில் சேர்ந்தார். மேடையில் காலூன்றத் தொடங்கிய நேரத்தில் போர் வந்தது. ராயல் வெல்ஷ் ஃப்யூசிலியர்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாகப் போனவர், 1940இல் பிரான்ஸில் ஜெர்மானியப் படையிடம் பிடிபட்டார். அப்போது வயது 25. அடுத்த ஐந்து ஆண்டுகள் போர்க்கைதி முகாம்களில் கழிந்தன. ஒரு நடிகன் கதாநாயகனாகத் தன்னை நிலைநாட்டிக்கொள்ளும் வயது எதுவோ, அது முழுவதும் கம்பிவேலிக்குள் போயிற்று. திரும்பி வந்தபோது கிடைத்ததெல்லாம் துண்டு துண்டான வேடங்கள். அவர் அவற்றை மறுக்கவில்லை. குணச்சித்திர நடிகர்களில் பலரும் இப்படி ஏதோ ஒன்றை இழந்துவிட்டு, மிச்சத்தைக் கொண்டு வேலையைத் தொடங்கியவர்கள்தான்.

1950இல் வந்த 'தே வேர் நாட் டிவைடட்' என்ற போர்ப் படத்தில் அவருக்கு ஒரு வெல்ஷ் சிப்பாய் வேடம் கிடைத்தது. பெயர் 77 ஜோன்ஸ். வேல்ஸ் படைப்பிரிவுகளில் ஜோன்ஸ்கள் எக்கச்சக்கம் என்பதால் ஆளை அடையாளம் காணப் படை எண்ணின் கடைசி இலக்கங்களைப் பெயரோடு சேர்த்துக் கூப்பிடும் வழக்கம் உண்டு. அப்படி வந்த பெயர். படத்தை இயக்கியவர் டெரன்ஸ் யங். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து இரண்டாவது பாண்ட் படமான 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' எடுக்கும்போது, முதல் படத்தில் ஆயுத நிபுணராக வந்த பீட்டர் பர்ட்டன் கிடைக்கவில்லை. யங்கின் நினைவுக்கு வந்தவர் அந்தப் பழைய ஜோன்ஸ். ஒரு சிறு வேடத்தை ஒழுங்காகச் செய்ததற்கு இத்தனை காலம் கழித்து வந்த பலன் அது. படம் வெளியானபோது லுவெலினுக்கு வயது 49. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பேசுகிறேன்.

அந்தப் படத்தில் அவருக்கு ஒரே காட்சி. பாண்டின் மேலதிகாரியான எம் அவர்களின் அலுவலகத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டியோடு வருகிறார். உள்ளே மறைத்த கத்தி, 50 தங்க நாணயங்கள், மடக்கித் துண்டுகளாக வைக்கும் துப்பாக்கி, முகப்பவுடர் டப்பா மாதிரி இருக்கும் கண்ணீர்ப்புகைக் குண்டு. பெட்டியைச் சாதாரணமாகத் திறந்தால் அது முகத்தில் வெடிக்கும், தாழ்களை முதலில் பக்கவாட்டில் திருப்ப வேண்டும் என்று செய்து காட்டிவிட்டுப் போய்விடுகிறார். அவ்வளவுதான். ஆனால் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் கொலையாளி ரெட் கிரான்ட்டிடம் பாண்ட் மண்டியிட்டு நிற்கும்போது அவர் உயிரைக் காப்பது இந்தப் பெட்டிதான். தாழை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது நமக்கு முன்பே தெரிந்திருப்பதால்தான் அந்த ரயில் காட்சியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கியூவாக நடிப்பவர் அந்த விளக்கத்தைக் கொஞ்சம் விழுங்கியிருந்தால், கொஞ்சம் சுவைக்காகக் கூட்டியிருந்தால், ஒரு மணி நேரம் கழித்து வரும் சண்டைக்கு வலு இருந்திருக்காது. அந்தத் தெளிவுதான் லுவெலினின் தொழில். வீட்டில் சாதாரணக் கருவிகளைக்கூட இயக்கத் தெரியாது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். திரையில் அவர் ஒரு விசையைத் தொட்டால் அதை அவரே கழற்றி மாட்டியவர் என்று தோன்றும்.

ஆனாலும் அது இன்னும் கியூ ஆகவில்லை. கியூ பிறந்தது அடுத்த படமான 'கோல்ட்ஃபிங்கர்' படப்பிடிப்பில். பாண்ட் பட்டறைக்குள் வருகிறார். வேலை செய்துகொண்டிருந்த லுவெலின் மரியாதையாக எழுந்து நிற்கிறார். இயக்குநர் கை ஹாமில்டன் நிறுத்துகிறார். எழுந்திருக்காதே, உனக்கு இந்த ஆளைப் பிடிக்காது, நீ பாடுபட்டுச் செய்து கொடுக்கும் எதையும் இவன் ஒழுங்காகத் திருப்பிக் கொண்டுவந்ததே இல்லை என்கிறார். இந்தச் சம்பவத்தை லுவெலின் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நடிகருக்கு இயக்குநர் கொடுத்த ஆகச் சிறந்த குறிப்புகளில் இதுவும் ஒன்று என்று நான் நினைக்கிறேன். பக்கத்து வீட்டுக்கு விசேஷத்துக்குக் கொடுத்த அண்டா நசுங்கித் திரும்பி வந்தால் வீட்டுக்காரர் முகம் எப்படிப் போகும், அந்த முகம் அன்று அவருக்குக் கிடைத்தது. அடுத்த 35 ஆண்டுகள் அதை அவர் கழற்றவே இல்லை.

உலகமே வியந்து பார்க்கும் ஓர் ஆளைக் கண்டு வியக்காத ஒரே மனிதர் என்ற இடம் அப்படித்தான் உருவானது. ஆஸ்டன் மார்ட்டின் காரின் சுழலும் எண்பலகை, புகைத்திரை, துப்பாக்கிகள், தூக்கி எறியும் இருக்கை என்று அவர் சொல்லிக்கொண்டே போக, கானரி நம்பாமல் கேட்கிறார். தன் வேலையில் விளையாட்டுக்கே இடமில்லை என்று கியூ பதில் சொல்லும் தொனியைக் கவனியுங்கள். அவர் சிரிக்க வைக்க முயலவில்லை. உண்மையாகவே மனம் புண்பட்ட ஓர் அரசு ஊழியராகப் பேசுகிறார். சிரிப்பு நம்மிடம் தானாக வருகிறது.

இவ்வளவு செய்தவரை 1973இல் எப்படி நடத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நடந்தது உங்களுக்கு முந்தைய காலத்தில், பழியும் உங்களுடையதல்ல. அப்போது அவர் 'ஃபாலிஃபுட்' என்ற தொலைக்காட்சித் தொடரில் கர்னலாக நடித்துக்கொண்டிருந்தார். பாண்ட் படத்துக்குப் போக வேண்டும் என்பதற்காகத் தொடரின் சில பகுதிகளில் அவர் இல்லாதபடி கதையை மாற்றி எழுதிக்கொண்டார்கள். அப்புறம் பார்த்தால், படங்களில் கருவிகள் அதிகமாகிவிட்டன, கியூ வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் முடிவு செய்துவிட்டார்கள். 'லிவ் அண்ட் லெட் டை' அவர் இல்லாமலே வந்தது. அவருக்கு அது வருத்தம்தான். அடுத்த ஆண்டே திரும்பக் கூப்பிட்டார்கள், அவரும் போனார். பத்து ஆண்டுகள் ஒரு வேடத்தைக் கட்டி எழுப்பியவருக்கு அடுத்த படம் உண்டா இல்லையா என்று தெரியாத நிலை இருந்தது. துணை நடிகர்கள் பலர் இன்றும் அதே நிலையில்தான் இருக்கிறார்கள்.

தமிழர்களான எங்களுக்கு 'ஆக்டோபஸி' கொஞ்சம் கூடுதல் நெருக்கம். 1983இல் வந்த அந்தப் படத்தில் கியூ தன் பட்டறையை உதய்ப்பூருக்கே கொண்டுவந்துவிடுகிறார். பாண்டின் இந்தியத் தோழராக வருபவர் சென்னையில் பிறந்து டென்னிஸில் பெயர் வாங்கிய விஜய் அமிர்தராஜ். பாத்திரத்தின் பெயரும் விஜய்தான். அந்தப் படம் இந்தியாவைக் காட்டிய விதத்தில் எனக்கு நிறைய மனக்குறை உண்டு. பாம்பாட்டியும் ஆணிப்படுக்கையும் வாள் விழுங்குபவரும் வரிசையாக வருவதைப் பார்க்கும்போது இன்றும் சங்கடமாக இருக்கிறது. ஆனால் கியூ மட்டும் அங்கேயும் வேடிக்கை பார்க்க வந்தவராக இல்லை. இடம் சரியில்லை, வசதி இல்லை என்று சலித்துக்கொண்டே வேலையைப் பார்க்கிறார். கடைசிச் சண்டையின்போது பிரிட்டிஷ் கொடி வரைந்த வெப்பக்காற்றுப் பலூனில் பறந்து வருகிறார். அறுபத்தெட்டு வயதுக்காரர் அதையும் அலுவலகக் கடமை போலவே செய்கிறார்.

1989இல் வந்த 'லைசென்ஸ் டு கில்' தான் அவருக்குக் கிடைத்த பெரிய வேடம். உங்கள் குழுவில் கதை எழுதுபவர்கள் வேறு எந்தப் படத்தைப் பார்க்காவிட்டாலும் இதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். பாண்ட் தன் நண்பனுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பழிவாங்கப் புறப்பட்டு, அரசாங்கத்தின் உத்தரவை மீறுகிறார். ஆளைக் கொல்ல அவருக்குத் தந்திருந்த உரிமம் பறிபோகிறது. அவரோடு இனி யாரும் பேசக்கூடாத நிலை. அப்போது விடுமுறை எடுத்துக்கொண்டு, பெட்டி நிறையக் கருவிகளோடு அவர் தங்கியிருக்கும் ஓட்டலுக்கு மாமா என்று சொல்லிக்கொண்டு வந்து இறங்குகிறார் கியூ. பாண்ட் வேண்டாம், திரும்பிப் போங்கள் என்கிறார். கியூ போகவில்லை. தன் பிரிவு இல்லாவிட்டால் நீ எப்போதோ செத்திருப்பாய் என்று பதில் சொல்கிறார். இருபத்தாறு ஆண்டுகள் திட்டித் தீர்த்த மனிதர் தன் வேலையையே பணயம் வைத்து வந்து நிற்கிறார். இவர் எவ்வளவு பாசம் வைத்திருந்தார் என்று அங்கேதான் தெரிகிறது. அந்த இருபத்தாறு ஆண்டுகள் இல்லாமல் இந்தக் காட்சியை எழுதவே முடியாது. எழுதியிருந்தால் வெறும் வசனமாகப் போயிருக்கும்.

அதே படத்தில் ஒரு சின்ன இடம். கியூ தொழிலாளி வேடத்தில் துடைப்பத்தோடு தெருவில் நிற்கிறார். துடைப்பத்துக்குள் பேசும் கருவி. தகவலைச் சொல்லி முடித்ததும் அந்தக் கருவியை அப்படியே தூக்கி எறிந்துவிட்டுப் போகிறார். பொருளைப் பத்திரமாகக் கொண்டுவா என்று வாழ்நாள் முழுக்கக் கத்தியவர்! யாரும் அதைச் சுட்டிக்காட்டி வசனம் பேசுவதில்லை, இசையும் கூட்டுவதில்லை. பழைய படங்களைப் பார்த்தவர்களுக்கு மட்டும் சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் நெகிழ்ச்சியும் வரும். இன்னொன்று: அந்தப் படத்தின் பாண்ட் டிமதி டால்டன் வடக்கு வேல்ஸின் கால்வின் பே ஊரில் பிறந்தவர். ஆக, வேல்ஸில் பிறந்த இருவர்தான் அந்த இரண்டு டால்டன் படங்களிலும் பாண்டாகவும் கியூவாகவும் நின்றார்கள்.

பிறகு ஆறு ஆண்டுகள் பாண்ட் படமே இல்லை. 1995இல் 'கோல்டன்ஐ' வந்தபோது எல்லாமே புதிது. பாண்ட் புதிது, எம் புதிது, எம்மின் செயலாளர் மனிபென்னி புதிது. சோவியத் ஒன்றியமே இல்லாமல் போயிருந்தது. பழைய வேடத்தில் திரும்பி வந்தவர் லுவெலின் ஒருவர்தான். பியர்ஸ் பிராஸ்னன் அந்தப் பட்டறைக்குள் நுழைந்து, கண்டதையும் தொட்டு, அவரிடம் திட்டு வாங்கியபோதுதான் இவர் உண்மையான பாண்ட் ஆனார். புது நடிகரை ரசிகர்களிடம் ஒப்படைக்கும் வேலையை எந்த விளம்பரத்தைவிடவும் நன்றாகச் செய்தவர் இந்த முதியவர். நீங்கள் இப்போது செய்யப்போவதும் அதே மாதிரியான ஒரு தொடக்கம். ஆனால் உங்களிடம் அப்படி ஒருவர் இல்லை.

'தி வேர்ல்ட் இஸ் நாட் இனஃப்' 1999 நவம்பரில் வந்தது. ஜான் கிளீஸை உதவியாளராக அறிமுகப்படுத்திவிட்டு, சீக்கிரம் ஓய்வு பெற்றுவிட மாட்டீர்களே என்று பாண்ட் கேட்க, இரண்டே இரண்டு அறிவுரைகளை நினைவுபடுத்திவிட்டு, தரைக்குள் இறங்கும் மேடையோடு மெதுவாக மறைகிறார் கியூ. முடியும் வரை நடிக்கத் தயாராக இருந்தவர் அவர். டிசம்பர் 19ஆம் தேதி கிழக்கு சசெக்ஸில், ஒரு புத்தகக் கையெழுத்து நிகழ்ச்சி முடிந்து காரில் திரும்பும்போது விபத்தில் இறந்துபோனார். வயது 85. படம் அப்போதும் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, இப்போது என் வேண்டுகோள்களுக்கு வருகிறேன்.

கிளீஸ் இன்னொரு படம் செய்தார். பிறகு இரண்டு படங்களில் கியூவே இல்லை. 2012இல் வந்த பென் விஷா நல்ல நடிகர், பாண்டைவிட இளைய கியூ என்ற யோசனையும் வேலை செய்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று படங்களில் அந்த உறவு எவ்வளவு தூரம்தான் வளர முடியும்? கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் வேலையாகவும் அது சுருங்கிவிட்டது. திரையில் ஓடும் எழுத்துகளைப் பாண்ட் உடைத்துக்கொண்டு வர முடியாது. கையால் செய்த ஒரு பொருளைத்தான் உடைக்க முடியும், அதைப் பார்த்துத்தான் செய்தவர் பதற முடியும்.

அதனால் பட்டறையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பின்னணியில் யாரோ ஒருவர் எதையோ சோதித்துப் பார்த்துத் தூக்கி எறியப்படட்டும். ஆளை விழுங்கும் சோபா, காற்றுப்பை வெடித்து ஆளை நசுக்கும் தொலைபேசிக் கூண்டு, தீ கக்கும் பேக்பைப் என்று எத்தனை பார்த்தோம். அதையெல்லாம் உண்மையான பொருள்களாகச் செய்து, உண்மையான ஆட்களை வைத்து எடுங்கள். வில்நெவ் அவர்களே, எடையுள்ள பொருள்களையும் தூசியையும் உலோகத்தையும் நம்பிப் படம் எடுப்பவர் நீங்கள். இந்த அறை உங்களுக்காகவே காத்திருக்கிறது என்று மனதார நம்புகிறேன்.

அந்த அறைக்கு ஐம்பதை ஒட்டிய வயதுள்ள ஒருவரைத் தேடுங்கள். லுவெலின் தொடங்கியது 49இல். அந்த வயதில் எடுத்தால்தான் அவர் நம் கண்முன்னே வயதாக முடியும். பெரிய நட்சத்திரத்தை ஒரு நாள் வரவழைத்துக் கைதட்டல் வாங்க வேண்டாம். முப்பது ஆண்டுகள் மேடையில் நின்று, தொலைக்காட்சியில் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் வந்து, முகம் தெரிந்தும் பெயர் தெரியாமல் இருக்கும் ஒருவர் போதும். கார்டிஃபின் ஷெர்மன் தியேட்டரிலும் மோல்டின் தியேட்டர் க்ளுவிடிலும் அப்படிப்பட்டவர்கள் நடித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் நடிகர் தேர்வாளர்களை அங்கே ஒரு வாரம் அனுப்பிப் பாருங்கள். டெரன்ஸ் யங் முதலில் கியூவை வெல்ஷ் உச்சரிப்போடு பேசச் சொன்னார். மேட்டிமையான ஆங்கிலேய அதிகாரியாகத்தான் அந்த மனிதரைத் தன்னால் பார்க்க முடிகிறது என்று நினைத்த லுவெலின், வேண்டுமென்றே மோசமாக அந்த உச்சரிப்பில் பேசிக் காட்டித் தப்பித்தார். அன்று அது சரியான முடிவு. இன்று லண்டன் அலுவலகத்தில் ஒரு தலைமைப் பொறியாளர் நியூபோர்ட்காரர் மாதிரியே பேசினால் யாருக்கும் உறுத்தாது.

கடைசியாக ஒப்பந்தம். பாண்டாக வருபவருக்குப் பல படங்களுக்குச் சேர்த்து ஒப்பந்தம் போடுவீர்கள், அது வழக்கம். அதே நாளில் கியூவுக்கும் போடுங்கள். பாண்ட் நடிகர் விலகினாலும் கியூ நடிகர் தொடர்வார் என்று அதில் எழுதுங்கள். ஒரு படத்தின் கதையில் அவருக்கு இடமில்லை என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேறு வேலையை விட்டுவிட்டு அவர் காத்திருக்கும்படி செய்யாதீர்கள், அப்படிக் காத்திருந்தால் அந்த நாட்களுக்குரிய சம்பளத்தைக் கொடுங்கள். உங்கள் நிறுவனம் எம்ஜிஎம்மை வாங்கக் கொடுத்தது 850 கோடி டாலர். அதோடு பார்த்தால் இதற்கு ஆகும் செலவு கணக்கிலேயே வராது.

அன்புடன்,
தமிழில் பாண்ட் படங்கள் பார்த்து வளர்ந்த ஒரு ரசிகர்